காசு கொடுத்த முகம்

தியேட்டர் மாடியில் தனியறை மாதிரி இருக்கும் பாக்ஸின் திரையை விலக்கியதும் டார்ன்லி கீழே எட்டிப் பார்த்தார். எழுநூறு நாற்காலி. ஒன்றுகூடக் காலி இல்லை.

"என்னம்மா மேவிஸ், புதன்கிழமை மத்தியானக் காட்சி. அதுக்குப் போய் இவ்வளவு கூட்டமா?"

அவர் குரல் தழுதழுத்தது.

நாடகத் தயாரிப்பாளர் டார்ன்லியிடம் முப்பத்தொரு வருடமாக செகரட்டரியாக இருப்பவள் நான். நாற்பத்தொரு நாடகங்கள். அம்மாவின் பியானோவை விற்று முதல் நாடகத்தைப் போட்ட மனுஷர். பிறகு இரண்டு வீடுகள் போயின, ஒரு மனைவியும் போனாள். நாடகப் பைத்தியம் மட்டும் போகவில்லை.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலையே ஓசி டிக்கெட்தான். விமர்சகர்கள் வரும் அன்றைக்குக் காலி நாற்காலி கண்ணில் படவே கூடாது. நர்ஸ் விடுதிக்கு இத்தனை, பட்டாளத்துக்கு இத்தனை, டெலிபோன் ஆபீஸ் பெண்களுக்கு மிச்சம். ஓசியில் வந்தவர்களை ஒரே கும்பலாக உட்காரவைக்காமல், காசு கொடுத்தவர்களுக்கு நடுவே கலந்து விட வேண்டும். லண்டனில் என்னைப் போல் அதைச் செய்ய ஆள் கிடையாது.

ஆறு வாரமாக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல். கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம்தான் டார்ன்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை, மேவிஸ். ஓசி இல்லாம. பத்துப் பேர் வந்தாலும் சரி. நம்ம நாடகத்துக்குன்னு காசு கொடுத்து வந்த பத்துப் பேரை நான் கண்ணால பார்க்கணும்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

புதன்கிழமை காலையில் டிக்கெட் கவுன்ட்டரில் கேட்டேன். விற்றது நாற்பத்தாறு. சனிக்கிழமையோடு நிறுத்தப்போகிற நாடகத்துக்கு வேறு எத்தனை விற்கும்? அந்தப் பொட்டல்காட்டைப் பார்த்தால் மனுஷருக்கு அங்கேயே உயிர் போய்விடும் என்று பயந்தேன். பாவி, போனை எடுத்துவிட்டேன்.

ஐந்து மணிக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடுதான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். ஆம்புலன்ஸைப் பின்சந்தில் நிறுத்திவிட்டு, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவரைச் சக்கர நாற்காலியோடு பாக்ஸுக்குத் தூக்கி வந்தார்கள்.

முதல் அங்கம் முழுக்க அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கீழே சிரிப்பு எழும்போதெல்லாம் என் முழங்கையைத் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்கு விளக்கு எரிந்தது. மூன்றாம் வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள். டார்ன்லியும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

கை பாதியில் நின்றது.

"அந்தப் பொண்ணுதான் இன்னைக்குக் காலையில என்னைக் குளிப்பாட்டிச்சு" என்றார்.

முப்பத்தொரு வருடப் பழக்கம். கை தன்பாட்டுக்கு அதே நர்ஸ் விடுதியின் நம்பரைச் சுழற்றியிருக்கிறது. அவர் படுத்திருப்பது அந்த நர்ஸுகளின் ஆஸ்பத்திரியில்தான் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நிஜமா எத்தனை பேரு?"

"நாப்பத்தாறு, சார்."

"அட, பரவாயில்லையே! நான் இருபதைத் தாண்டாதுன்னு நெனச்சேன்." கண்ணில் மறுபடி உயிர் வந்தது. "எங்க உட்கார்ந்திருக்காங்க? காட்டு."

கீழே பார்த்தேன். எழுநூறு தலைகள். என் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன். எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் அங்கம் தொடங்கியது. அவர் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. பாக்ஸின் விளிம்பில் மார்பைச் சாய்த்து, மேடை வெளிச்சம் எட்டுகிற மட்டும் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறவனை விட்டுடு, மேவிஸ். ஓசியில வந்தவன் மரியாதைக்குச் சிரிப்பான். காசு போட்டவன்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பான்."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு மூச்சு இரைத்தது.

திடீரென்று என் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"அதோ! ஏழாவது வரிசை ஓரத்துல, பழுப்புக் கோட்டு. கையில வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் பாரு. எப்படா முடிப்பீங்கன்னு உட்கார்ந்திருக்கான். அவன் காசு கொடுத்து வந்தவன்தானே?"

அந்த ஆளைப் பார்த்தேன்.

"ஆமா சார். காசு கொடுத்து வந்தவர்தான்."

டார்ன்லி நீளமாக மூச்சு விட்டார். அப்புறம் திரை விழும் வரை வேறு எங்கும் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, "வந்தியே, சாமி" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் காட்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏழாவது வரிசை ஓரத்தில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பாக்ஸிலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படும் இடம். பின்சந்துக்கு ஓடினேன். வண்டிக்குள் குளிரில் உட்கார்ந்திருந்த மனிதரைக் கெஞ்சி அழைத்து வந்து, யூனிபாரம் தெரியாமலிருக்க கவுன்ட்டர்க்காரரின் பழுப்புக் கோட்டை மாட்டிவிட்டு, நான்தான் அங்கே உட்காரவைத்தேன்.

டார்ன்லி அவரைக் கண்டுபிடித்தபோது ஐந்து அடிக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் டார்ன்லியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்ற கவலை அந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்கு.