மெக்சிகோ நோம்பி

"ஏனுங்க, இப்பெல்லாம் பையனெ வையறதே இல்லீங்களே, என்ன சமாச்சாரம்?"

தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள் ஞானாம்பாள். சுவரில் கலர் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சாமியப்பனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்துக்கு வையோணும்?"

"லெட்டர் போடறதில்லீன்னு சோத்துல கை வெக்கறப்பெல்லாம் வைவீங்க. நாயி, பேயின்னு. ஆவணியிலிருந்து மூச்சையே காணமே."

"தூரத்துல இருக்கறவனெ வைஞ்சு என்ன ஆவப்போவுது? உடு."

"அதுவுஞ் செரிதான்" என்று மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

சாமியப்பன் நூலை இழுத்துக் கட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பனியன் கம்பெனியில் ஒரு டஜனுக்கு ஒன்று குறைந்தால்கூடத் தானே போய் ஒப்புக்கொள்கிறவர்.

அவர்களுடைய ஒரே மகன் குமாரவேல், மெக்சிகோவில் ஒரு பஞ்சாலைக்கு இன்ஜினியராகப் போனவன். இந்த வருஷம், அறுபத்தொன்பது ஆவணியில்தான் அங்கே மலைச்சாலையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கேயே புதைத்தும் விட்டார்கள். கூட வேலை பார்த்த மணியன் ஊர் திரும்பியதும் நேரே கம்பெனிக்கு வந்துதான் சொன்னான். கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்ற சாமியப்பன், "ஊட்டுல சொல்லிப்போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். முந்தின வருஷம்தான் ஞானாம்பாளுக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. அதிர்ச்சி எதுவும் கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

மகனும் போய், இவளும் போய்விட்டால்? அந்த நினைப்பிலேயே வாயைக் கட்டிக்கொண்டார். ஆனால் பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய்க்கரிசி கூடப் போடவில்லையே என்பது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

மணியன்தான் வழி சொன்னான். மெக்சிகோவில் வருஷத்துக்கு ஒரு முறை, செத்தவர்களுக்காக வீட்டிலேயே நோம்பி கொண்டாடுவார்களாம். போட்டோ வைத்து, பூ வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, சொந்தபந்தம், சிநேகிதர் எல்லாம் கூடிச் சாப்பிடுவார்களாம். அந்த நாளும் ஐப்பசியில்தான் வருகிறது.

"அம்மாகிட்ட, அது அந்த ஊரு பூ நோம்பின்னு சொல்லிக்கலாமுங்க. குமாரவேலு அங்கெ கொண்டாடறான், நாம இங்கெ கொண்டாடலாம்னு."

அந்த நோம்பிதான் இன்றைக்கு. கட்டிங் மாஸ்டர் சின்னான் பனியன் பெட்டிக்கு ஒட்டுகிற காகிதத்தைப் பூப்பூவாக வெட்டிக் கொடுத்திருந்தான். வந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் சிரித்த முகமாக இருக்கப் பாடுபட்டார்கள்.

ஞானாம்பாளின் தம்பி ரத்தினசாமி அடுப்படியில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். அக்கா கோழிச்சாறு வைத்தால் உப்புப் பார்க்கத் தன் கையில் இரண்டு சொட்டு, தம்பி கையில் இரண்டு சொட்டு விடுவது சின்ன வயதுப் பழக்கம்.

"கையெ எடுடா. நோம்பி முடியட்டும்" என்று கரண்டியை ஓங்கினாள்.

மேஜையில் குமாரவேலின் காலேஜ் போட்டோ வந்தது. "நம்ம செண்டுமல்லியேதானுங்கம்மா அங்கெயும்" என்று மணியன் பூவைக் குவித்தான். சின்னான் ஒரு சரத்தை எடுத்துப் போட்டோவுக்குப் போடப் போனான்.

"மாலையெல்லாம் வேண்டாம் சாமி. உசுரோட இருக்கற புள்ளைக்கு ஆராச்சும் மாலை போடுவாங்களா?" என்றாள் ஞானாம்பாள், கணவனைப் பார்த்துக்கொண்டே.

சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொம்புல தண்ணி வெக்கோணுமுங்கம்மா" என்றான் மணியன். "அத்தனெ தூரம் வர்றவங்களுக்குத் தாகமா இருக்குமுன்னு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாமியப்பனுக்கு உயிர் போய் வந்தது.

"விருந்தாளிகளெச் சொல்றானாட்ட இருக்குதக்கா" என்று ரத்தினசாமி சமாளித்தார். அவளும் இருப்பதிலேயே பெரிய சொம்பாகப் பார்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

அரிசிம்பருப்புச் சோறு, கோழிச்சாறு, கச்சாயம் எல்லாம் போட்டோவுக்கு முன்னால் இலையில் வந்தன. சாமியப்பன் சூடம் கொளுத்தினார். 'சாப்புடு சாமி. அப்பனால இவ்வளவுதான் முடிஞ்சுது' என்று மனசுக்குள் சொன்னபோது அடிவயிற்றிலிருந்து ஓர் அழுகை கிளம்பிவிட்டது. விறுவிறுவென்று கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"சூடப் பொகை கண்ணுல பட்டுப்போச்சு."

"அது அப்படித்தானுங்க, எரியும்" என்று முந்தானையை நீட்டினாள் ஞானாம்பாள். "தொடைச்சுட்டு உக்காருங்க, எலை போடறேன்."

பந்தி உட்கார்ந்தது. அழாமல் சமாளித்தாயிற்று, அவளுக்கும் தெரியவில்லை என்று சாமியப்பன் கொஞ்சம் மூச்சு விட்டார். முதல் வாய் வைத்த ரத்தினசாமி, சபையைக் கலகலப்பாக்குகிற நினைப்பில் சத்தம் போட்டார்.

"அக்கா, சாறு சப்புன்னு கெடக்குது. சோத்துலயும் உப்பில்லெ! நீ உப்புப் பாக்கலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞானாம்பாள் உள்ளே போய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். முதலில் கணவனின் இலையோரத்தில் ஒரு சிட்டிகை வைத்து, அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு தம்பியிடம் சொன்னாள்:

"செத்த புள்ளைக்குப் படைக்கற சோத்தெ, பெத்தவ மொதல்ல வாயில வெச்சுப் பாப்பாளாடா?"