நானூற்றுப் பன்னிரண்டாவது படம்

"மேடம், கண்டுபிடிச்சிடுச்சு!" ஆய்வு மாணவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக்கு அன்று பரீட்சை. 'ஒன்றுமில்லை' என்று டாக்டர்கள் முன்பு எழுதிக் கொடுத்த நெஞ்சு ஸ்கேன்களை, பெயர்களை நீக்கிவிட்டு அதனிடம் கொடுத்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் அது சிவப்பு வட்டம் போட்டிருந்தது. ஆரம்பநிலைப் புற்றுநோய்.

விடைகளைச் சரிபார்க்க வந்திருந்த ஸ்கேன் டாக்டரம்மா திரையை உற்றுப் பார்த்தார். "தப்பா இருக்கும். மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினான். அதே வட்டம்.

"இன்னொரு தடவை."

மூன்றாம் முறையும் அதே இடம். "மெஷின் ஜெயிச்சா இவங்களுக்குப் பொறுக்காது" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

மாணவனுக்கும் எரிச்சல் வந்தது. "மேடம், ஆறு மாசம் கழிச்சு எடுத்த படத்துல கட்டி நல்லாவே தெரியுது. முதல்ல பார்த்த டாக்டர் கோட்டை விட்டுட்டார். ஒத்துக்க வேண்டியதுதானே?"

டாக்டரம்மாவின் விரல் திரையில் ஒரு விலா எலும்பைத் தொட்டது. அது லேசாகக் கோணி ஒட்டியிருந்தது.

"கல்யாணமான புதுசுல மாடிப்படியில விழுந்து உடைச்சுக்கிட்டார்" என்றார். "என் வீட்டுக்காரர். போய் மூணு வருஷம் ஆச்சு. இந்தப் படத்தைப் பார்த்தது நான்தான். 'நல்லாப் பார்த்தியா?'ன்னு கேட்டார். 'டாக்டர் நீங்களா, நானா?'ன்னு வாயை அடைச்சேன்."



டாக்டரம்மா சரிபார்ப்புப் படிவத்தைத் தானே இழுத்து, 'டாக்டர் தவறவிட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.