லிசியின் சந்தேகங்கள்

"சார், ஒரு டவுட்டு."

வேணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், பின்சீட் லிசிதான். காலையிலிருந்து இது மூன்றாவது.

"சொல்லுங்கம்மா," என்று வந்தார் ஜெகபர் சாதிக் சார்.

"ரெண்டு நம்பரைக் கூட்டச் சொன்னீங்க. அஞ்சும் மூணும் குடுத்தா அம்பத்திமூணுன்னு வருது சார்."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. கீபோர்டுல நாம அடிக்கிறதைப் பைத்தான் எழுத்தாத்தான் எடுத்துக்கும். அதான் அஞ்சையும் மூணையும் பக்கத்துல ஒட்டி வச்சிருச்சு. இன்ட்னு போட்டு நம்பரா மாத்திட்டுக் கூட்டுங்க," என்று போர்டிலும் எழுதிப் போட்டார்.

"இதுக்கெல்லாமா கிளாஸை நிறுத்துறது?" பக்கத்து சீட் அனுசுயாவிடம் முனகிக்கொண்டே வேணி தன் புரோகிராமில் இன்ட் சேர்த்தாள்.

மன்னார்புரத்தில், மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். இடையில் வேலையை விட்ட பெண்களுக்கு, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் மூன்று மாத வகுப்பு. வேணி திருவானைக்காவலில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்தாள். பதினோரு வருஷம் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள். முதல் நாள் அறிமுகத்தில் அதைச் சொன்னதும் எல்லாரும் ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.

லிசி துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். இருபத்தைந்து வயசு. கூச்சமே கிடையாது.

"பிரிண்ட்டுக்கு முதல் எழுத்தைப் பெருசா போட்டா ஏன் சார் எரர் வருது?"

"இஃப் வரி முடிஞ்சதும் ரெண்டு புள்ளி வச்சே ஆகணுமா சார்?"

சார் பாதி நேரம் அவள் பக்கத்திலேயே நின்றார். 'நல்ல கேள்வி' என்று நாளைக்கு நாலு தடவை பாராட்டு வேறு. வேணிக்கு ஒரு தடவைகூட இல்லை.

"ஒழுங்கா பண்றவங்களை யாரு கண்டுக்கிறா? ஒண்ணும் தெரியாதுன்னு நின்னாத்தான் இங்கே மதிப்பு," என்றாள் வேணி, டீ குடிக்கும்போது.

"சின்னப் பொண்ணு, கேட்டுட்டுப் போகட்டுமே. அது கேக்குறதால எனக்கும் புரியுது," என்றாள் அனுசுயா.

வேணி டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

கடைசி வாரம் தேர்வு வைத்தார்கள். முதலாவதாக வருகிறவரை ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு சென்டரே அனுப்பும். அந்த வேலையை வேணி மனசுக்குள் எப்போதோ தனக்கென்று எழுதி வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத் தேர்வு. இருபத்தைந்தாவது நிமிஷமே லிசி எழுந்து வெளியே போய்விட்டாள். முடியவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தாள் வேணி. நினைக்க இதமாகத்தான் இருந்தது.

வேணியின் மூன்றாவது புரோகிராம் ஓட மறுத்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி நின்றது. கடைசி மணி அடிக்கும்வரை அது போகவே இல்லை.

மறுநாள் மதிப்பெண் ஒட்டினார்கள். லிசி நூறு. வேணி எழுபத்தொன்று.

வேணி நேராக சார் அறைக்குப் போனாள்.

"தினமும் பத்து டவுட்டு கேட்டவ நூறு வாங்குறா. கேள்வித்தாள் முன்னாடியே அவ கைக்குப் போயிருக்கு சார். நான் எழுதியே குடுக்கிறேன்."

சார் கோபப்படவில்லை.

"எனக்கும் சந்தேகம் வந்துச்சுங்க. அதான் அவங்களோட பழைய புரோகிராம் எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். எது எத்தனை மணிக்கு ஓடுச்சுன்னு இங்கே பதிவாகியிருக்கும். உக்காருங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது கூட்டல் புரோகிராம். பத்து அஞ்சுக்கே லிசி சரியா முடிச்சிட்டாங்க, இன்ட் எல்லாம் போட்டு. அம்பத்திமூணு வருதுன்னு எங்கிட்ட கேட்டது பதினோரு மணிக்கு மேல, என் நோட்டுல குறிச்சிருக்கேன். இந்த ரெண்டு புள்ளி சமாச்சாரம்? அதுவும் அப்படித்தான். எதை எடுத்தாலும், முடிச்சு வச்சிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கேட்டிருக்காங்க."

"முடிச்சவ எதுக்கு சார் கேக்கணும்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

வேணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து படியிறங்கினாள்.

லிசி பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"லிசி, அந்த டவுட்டு ஒண்ணுகூட உன்னோடது இல்லையாமே?"

லிசி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"சொல்லும்மா. வகுப்பே சிரிச்சுது. நானும் உன்னை என்னென்னமோ பேசியிருக்கேன்."

"காதுல விழுந்துச்சுக்கா. பரவால்ல."

"யாருக்காகக் கேட்டே?"

லிசி துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டாவது நாளே நீங்க எரரைப் பார்த்துட்டு, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பப் போனீங்க. பின்னாடி இருந்து பார்த்தேன். டீச்சரா இருந்தவங்க, நம்ம முன்னாடி கேக்கக் கஷ்டப்படுறாங்கன்னு தோணுச்சு. உங்க ஸ்க்ரீன்ல எது நின்னுச்சோ அதை நான் கேட்டேன். அவ்வளவுதான்க்கா."

வேணியின் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"பரீட்சையில மட்டும்தான் கேக்க முடியாமப் போச்சு," என்றாள் லிசி. "மன்னிச்சுக்கோங்கக்கா."