அக்கா வீட்டில் இல்லை

"அக்கா வீட்டுல இல்லம்மா" என்றார் தையல்காரர், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதே நேரம் முதல் மாடியிலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. கட்டடத்துக்கே தெரிந்த சிரிப்பு அது.

புதிதாகக் குடிவந்திருந்த நர்சுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப மேல சிரிக்கிறது யாரு?"

"டிவியா இருக்கும். என்ன விஷயம்? என்கிட்ட சொல்லுங்க."

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அவள் வீட்டுக் குளியலறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. குடிவந்த அன்றே எல்லோரும் சொல்லியிருந்தார்கள், எதுவானாலும் அக்காவைப் பாரு என்று. குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஓனர் ஆள் அனுப்பியபோது, அத்தனை குடும்பத்தையும் வாசலில் திரட்டி நிறுத்தி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர். போனில் நியாயம் பேச மாட்டார். "நேர்ல வா" என்பார்.

நேரில் போக இருப்பது ஒரே படிக்கட்டு. அதன் அடியில்தான் தையல்காரர் மிஷினைப் போட்டுக்கொண்டு நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளும் அதே பதில். எட்டிப் பார்த்தால், அக்காவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

எதிர்வீட்டு அம்மாள் காதைக் கடித்தாள். "சங்கத் தேர்தல்ல அக்காவை எதிர்த்து நின்னு தோத்தவரும்மா. வயித்தெரிச்சல் லேசுல போகுமா?"

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சங்கக் கூட்டம். நர்ஸ் எழுந்தாள்.

"என் புகார் இவரைப் பத்தி. அக்காவைப் பாக்க வர்றவங்களை எல்லாம் பொய் சொல்லித் திருப்பி அனுப்புறாரு."

"என்னையும் அனுப்பினாரு!"

"என்னையும்தான்!"

"சங்கத்தை விட்டே தூக்குங்க அவரை!"

அக்கா கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். "நிஜமா?"

"நிஜம்தான்" என்றார் தையல்காரர்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "பிரச்சினை குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேனே! அப்ப வந்தவங்க கதி என்ன ஆச்சு?"

"எனக்குக் குழாய் ரிப்பேர்தான்..." என்று இழுத்தார் ஒருவர். "அன்னைக்கே பிளம்பர் வந்து சரி பண்ணிட்டாரு."

"தையல்காரர் சொன்னாரு, போனேன்" என்றார் பிளம்பர்.

"மனு எழுதணும்னா என்கிட்ட அனுப்புவாரு" என்றார் ரிட்டயர்டு கிளார்க்.

"பிள்ளைங்க ஸ்கூல் விஷயம்னா நான்" என்றாள் டீச்சர்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன்னை மட்டும்தான் கூப்பிடுகிறார் என்று ஆளாளுக்கு நினைத்திருந்தார்கள். நர்சைத்தான் யாரிடமும் அனுப்ப முடியவில்லை. அவள்தான் விஷயத்தையே சொல்லவில்லையே.

அக்காவுக்குக் கோபம் தணியவில்லை. "அதுக்கு எதுக்குப் பொய்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பீங்களா? எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுக்குவீங்க." தையல்காரர் தொண்டையைச் செருமினார். "போன வருஷம் பூரா உங்க ஜாக்கெட்டைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சவன் நான். ஒவ்வொரு தடவையும் ஆள் இளைச்சுக்கிட்டே வந்தீங்க. கடைசியா ஒரு நாள், 'இனிமே முடியாது, தலைவர் பதவியை நீங்களே எடுத்துக்குங்க'ன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அன்னையிலேர்ந்துதான் நீங்க வீட்டுல இல்ல."



"பேசாம விட்டிருந்தா பதவி உங்களுக்கே வந்திருக்குமே" என்றாள் நர்ஸ். குரல் இறங்கியிருந்தது.

"வந்திருக்கும். ஆனா அந்த ஓனர் ஆளுங்க மறுபடி வந்தா, எதிர்ல நின்னு பேச என்னால ஆகுமா? அதுக்கு அக்காதான் வேணும். அவங்க இருக்கணும்னா நேரத்துக்குச் சாப்பிடணும், பிள்ளைங்களோட உக்காரணும்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த மாசம்தான் ஜாக்கெட்டைப் பிரிச்சு விடச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"அதை ஊருக்கே சொல்லணுமா?" என்று முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார் அக்கா. பிறகு கண்டிப்பாகச் சொன்னார். "எல்லாம் சரி. இனிமே பொய் மட்டும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றார் தையல்காரர்.

அன்று மாலையே நர்ஸ் வீட்டுக் கூரை ஒழுக்கைப் பிளம்பர் அடைத்துவிட்டார்.

மறுநாள் தையல்காரர் நூல் வாங்கப் போயிருந்தார். நர்ஸ் வேலை முடிந்து உள்ளே நுழையவும், பின்னாலேயே ஒருவர் மூச்சிரைக்க ஓடி வரவும் சரியாக இருந்தது.

"அக்கா இருக்காங்களா? அவசரம், தெருவிளக்கு எரியல!"

மேலே தட்டுகள் வைக்கும் சத்தம். மகள் ஏதோ சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் தையல்காரரின் ஸ்டூலை இழுத்துப் படிக்கட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா வீட்டுல இல்லீங்க. என்கிட்ட சொல்லுங்க."