சிட்டுவுக்கு ஒரு விளையாட்டு

"இதுவும் வேண்டாங்க. வேற காட்டுங்க" என்று பொம்மைக் கடையில் எழுத்துக் கட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தாள் தம்பி மனைவி.

சிட்டுவின் அத்தைக்குச் சுருக்கென்றது. அந்தப் பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். தாயில்லாத பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து மார்மேல் போட்டு வளர்த்தவளுக்கு, அதற்கு எது பிடிக்கும் என்று தெரியாதா?

போன மாதம்தான் தம்பிக்கு மறுமணம் ஆனது. "இனி நான் எதுக்கு? ஊருக்குக் கிளம்பறேன்" என்று அவளாகத்தான் சொன்னாள். யாராவது ஒரு வார்த்தை தடுப்பார்கள் என்ற நப்பாசை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். புதிதாக வந்த இவளோ, "சரிங்க அண்ணி" என்று முடித்துவிட்டாள். அன்றிலிருந்து இவள் நின்றாலும் நடந்தாலும் அத்தைக்குச் சந்தேகம்தான்.

நாளைக்குப் பயணம். பிள்ளைக்கு ஏதாவது வாங்கித் தந்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினால், "நானும் வரேன்" என்று ஒட்டிக்கொண்டு வந்து, எதை எடுத்தாலும் குறை.

கடைக்காரர் ஒரு படப்புதிரைப் பிரித்தார். "அஞ்சு வயசுக்கு இது அருமைம்மா. பிள்ளை தனியா உக்காந்து சேர்க்கும். மூளைக்கு நல்ல வேலை."

"வேண்டாங்க."

"அப்ப இந்த ஜோடி சேர்க்கிற சீட்டு? ரெண்டு பேரு ஆடலாம். ஞாபகசக்தி வளரும்."

"அதுவும் வேண்டாம்."

"ஏம்மா, பிள்ளைக்கு எதுவுமே வாங்கக் கூடாதுன்னு வேண்டுதலா?" அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க அண்ணி" என்றவள், கடைக்காரரை ஓரமாக அழைத்துப் போய்க் கிசுகிசுத்தாள். அவர் அத்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

'என்ன ஓதியிருப்பா? இந்தம்மா பேச்சைக் கேக்காதீங்க, நாளைக்கு ஒழிஞ்சிடும்னா?'

மரக்குதிரை மேல் ஆடிக்கொண்டிருந்த சிட்டு, "அத்தை, பாரு!" என்று கையசைத்தாள். அத்தைக்குக் கண் கரித்தது. கடவுளே, இவளை இனி நீதான் பாத்துக்கணும்.

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு மரத்தட்டைக் கொண்டுவந்தார். நாலு மூலையிலும் கயிறு; மேலே ஒரு பந்து; அங்கங்கே குழிகள்.

"நீங்க கேட்ட மாதிரியே இருக்கும்மா. ஆளுக்கொரு கயிறைப் பிடிச்சுத் தூக்கி, பந்தைக் குழியில விழ வைக்கணும். ஒரு கை குறைஞ்சாலும் தட்டு சாஞ்சிரும்."

"இதேதாங்க! கட்டிக் கொடுங்க." தம்பி மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அத்தை மனசுக்குள் கணக்குப் போட்டாள். தம்பி, இவள், சிட்டு. நாலாவது யார்? ஓகோ, தாயைக் கூட்டிவந்து குடிவைக்கப் போகிறாள்! அதற்குத்தான் அன்றைக்கு அத்தனை சுருக்காக ஒரு 'சரிங்க'.

"நாலாவது கயிறு யாருக்கு? உங்கம்மாவுக்கா?" வாய்விட்டே கேட்டுவிட்டாள் அத்தை.

தம்பி மனைவி ஒரு கயிற்றின் நுனியை எடுத்து அவள் கைக்குள் வைத்து மூடினாள். "இருங்கன்னு சொல்ல, நேத்து வந்த எனக்கு வாய் வரல அண்ணி, அதான், நீங்க கிளம்பிட்டா சிட்டு ஆடவே முடியாத விளையாட்டாத் தேடினேன்."