கம்பிக்குக் கீழே

ஜெரால்டு பள்ளியில் படிக்கும்போது, பேட்மிண்டன் வலைக்காக மாமரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கம்பியை மரம் பாதி விழுங்கிவிட்டிருந்தது. அவன் கனடா போய் ஒன்பது வருடமாகியும் அதை அறுத்தெறிய அவன் அம்மா பிலோமினா டீச்சருக்கு மனம் வரவில்லை. இந்த வருடம் மரம் காய்த்துத் தள்ளியது. தெருவே கண்வைத்தது. படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு, காய் இறக்க சவரிமுத்துவைக் கூப்பிட்டாள். வந்தவர் காயைப் பார்க்கவில்லை. கம்பிக்கு மேலே புடைத்து, கீழே ஒடுங்கிப்போயிருந்த அடிமரத்தைத் தடவினார்.

"இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியா வேருக்கு இறங்கணும் டீச்சர். கம்பி மறிச்சிருச்சு. எல்லாம் மேலயே தங்கிக் காயாத் தொங்குது. வேரு, முன்னாடி சேத்து வச்சதத் தின்னே காலத்த ஓட்டிருக்கு."

"இன்னும் எத்தன நாளைக்குத் தாங்கும்?"

அவர் கம்பியை வெட்டக் குறடு எடுக்க சைக்கிளுக்குப் போனார். போன் அடித்தது.

"படம் பாத்தேம்மா, என்னா காய்ப்பு! மரத்தப் பாத்தாலே தெரியுது, நீ நல்லா இருக்கேன்னு."

"ஆமாப்பா" என்றாள். அவளுடைய இன்னொரு கை கம்பிக்குக் கீழே, ஒடுங்கிய பக்கத்தில் இருந்தது.