படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும்

"எங்கே போடணும்மா கையெழுத்து?" என்று கேட்டுக்கொண்டே டெல்மர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

அமெரிக்காவின் வெனாச்சி ஊரில், பெரிய மளிகைக் கடை வாசலில், தூறலுக்குப் பெரிய குடை விரித்து ஒரு மேசை. பின்னால் கம்பளித் தொப்பியோடு ஒரு இளம்பெண்; சட்டையில் குத்தியிருந்த சீட்டு அவள் பெயர் கிர்ஸ்டன் என்றது. திருநங்கை, திருநம்பி மாணவர்களைப் பள்ளியில் அவர்கள் சொல்கிற பெயரில்தான் கூப்பிட வேண்டும், அவர்கள் கேட்கிற அணியில் சேர்க்க வேண்டும் என்கிற சட்டத்தை ஓட்டுக்கு விட்டு ஒழித்துக்கட்ட ஊர் ஊராகக் கையெழுத்து வேட்டை நடந்துகொண்டிருந்தது. இன்றுதான் கடைசி நாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. கண்ணாடியை வீட்டில வச்சுட்டு வந்துட்டேன். பின்பக்கம் பொடி எழுத்தில இருக்கே, அதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டறியா?"

கண்ணாடி பத்திரமாகச் சட்டைப் பையில் இருந்தது. டெல்மர் கையெழுத்துப் போட வந்த ஆளே இல்லை. அவர் மகள் ரென் ஒன்பதாம் வகுப்பு. பிறந்தபோது பையன் என்று பதிவான குழந்தை. இந்தச் சட்டம் போனால் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

சண்டை போடுவதற்கும் டெல்மருக்கும் ஏழாம் பொருத்தம். முப்பது வருஷமாகத் தபால் கொடுக்கிறார், ஒரு நாயைக்கூட அதட்டியதில்லை. மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டதில் ஒன்று தோன்றியது. சட்டத்தின் முழு வாசகமும் படிவத்திலேயே இருக்கிறது. விளக்கம் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த மேசை அன்றைக்கு அம்பேல்.

"தாராளமா சார்!" கிர்ஸ்டன் முகம் மலர்ந்தது. மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டாள். "வசதியா உக்காருங்க. அவசரமே இல்லை."

முதல் பிரிவைப் படித்தாள். டெல்மர் தாடையைச் சொறிந்தார்.

"'மாணவர்'னு போட்டிருக்கே. தபால்ல படிக்கிறவனும் சேர்த்தியா?"

"அருமையான கேள்வி சார். எதுக்கும் முதல்லேர்ந்து பார்த்துடலாம்."

தள்ளுவண்டியோடு வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் ஒரு பேனா கொடுங்க."

"கொஞ்சம் பொறுங்க, சார்தான் முதல்ல வந்தவர்" என்றாள் கிர்ஸ்டன் பணிவாக. அவர் வண்டிக்குள் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கிளம்பிவிட்டார். டெல்மருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மதியத்துக்குள் ஒன்பது பிரிவுகள் ஆயின. ஒவ்வொன்றும் மூன்று தடவை. இதற்குள் டெல்மருக்கு வேறொரு நெருக்கடி முற்றியது. காலையில் குடித்த காபி வெளியே வரத் துடித்தது. எழுந்து போனால் அந்த ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் போட்டுவிடுவார்களே! காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கிர்ஸ்டனும் காலைப் பின்னிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். என்ன கடமையுணர்ச்சி, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேற்பார்வைக்காரர் லோவெல் சூடான கோகோவோடு வந்தார். மேசையிலிருந்த தாளைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணுகூட இல்லையா? காலையிலேர்ந்து என்ன பண்ணிட்டிருக்கே?"

"சாருக்கு விளக்கிட்டிருக்கேன். ரொம்பப் பொறுப்பானவர்."

"விளக்கினதெல்லாம் போதும்!" லோவெல் பேனாவை எடுத்து டெல்மர் விரல்களுக்கு நடுவில் திணித்தார். கையைப் பிடித்துத் தாள் மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். "போடுங்க ஐயா. போட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

மாட்டிக்கொண்டோம் என்று டெல்மர் நினைத்த நொடியில் கிர்ஸ்டன் பாய்ந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"இருங்க, இருங்க! பதினாலாம் பிரிவுல சாருக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இல்லையா சார்?"

அப்படி ஒரு பிரிவு இருப்பதே டெல்மருக்குத் தெரியாது. "ஆமாமா, பெரிய சந்தேகம்! அது தீராம எனக்குத் தூக்கமே வராது."

லோவெல் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். இப்படி ஒரு வெகுளிப் பெண்ணை யார் வேலைக்கு வைத்தார்கள் என்று டெல்மர் அதிசயப்பட்டார்.

ஐந்து மணிக்குக் குடையை மடக்கினார்கள். தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வேலை முடிந்ததும் டெல்மருக்கு மனசு உறுத்தத் தொடங்கியது. இந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தொண்டைத்தண்ணி வற்றப் படித்திருக்கிறது. போய் என்னென்ன திட்டு வாங்கப் போகிறதோ?

"மன்னிச்சுக்கோம்மா" என்றார். "நான் போடவே மாட்டேன். மத்தவங்களையும் போட விடக்கூடாதுன்னுதான் உன் உயிரை வாங்கினேன்." செல்போனை எடுத்து, ஓட்டப்பந்தய உடையில் சிரிக்கும் ரென்னின் படத்தைக் காட்டினார். "இது என் பொண்ணு. இவளுக்காகத்தான்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. கிர்ஸ்டன் ஈர நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி மனுஷா! திருநம்பியான என் தம்பிக்காக, ஒரு கையெழுத்தும் விழக்கூடாதுன்னு இந்த மேசையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு, நீங்க எங்கே கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிடுவீங்களோன்னு காலையிலேர்ந்து நான்ல செத்துட்டிருந்தேன்!"